ஊற்று சரியென்று சொன்னது

உலகத்தில் எந்த ஊற்றும் அவ்வளவு சுலபத்தில் சரியென்று சொன்னதில்லை. அதுதான் செண்பகவல்லியை உறுத்தியது.

சட்டம் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆறு, மலை, காடு, ஊற்று எல்லாமே இப்போது ஆள் கணக்கு. அவற்றின் மேல் கை வைப்பதானால் அவற்றையே கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். கேட்டால் அவை எப்படிப் பதில் சொல்லும்? அதற்குத்தான் ‘வாய்’ என்ற இயந்திரம். மண்ணிலும் வேரிலும் தண்ணீரிலும் கடுகளவு உணரிகளைத் தூவி, வருஷக்கணக்கில் அந்த இடத்தைப் பார்க்கவும் கேட்கவும் விட்டு, கடைசியில் அந்த இடத்தின் சார்பில் பேசக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். மான் எப்போது தண்ணீர் குடிக்க வரும், பாசி எப்போது சுருங்கும், மனுஷர்கள் எதைக் கொண்டுவருகிறார்கள், எதை எடுத்துப்போகிறார்கள், எல்லாம் அதற்கு அத்துப்படி. இடைவெளி விட்டு மூன்று தடவை கேட்க வேண்டும். மூன்று தடவையும் சரியென்று சொன்னால் உரிமம்.

எந்த வாயும் லேசில் மசிந்ததில்லை. ஒரு ஆறு நான்கு வருஷம் இழுத்தடித்தது. ஒரு காடு கேட்டவர்களையே திருப்பிக் கேள்வி கேட்டு ஓட வைத்தது. அல்தாய் மலையின் கோக்சாய் ஊற்று மட்டும் முதல் தடவையே ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றது. இரண்டாம் தடவையும் அதையே சொன்னது. அதற்கு அடியில் மின்கலம் செய்கிற உப்பு இருக்கிறது. துளை போட்டு உப்பை எடுத்தால் ஊற்று போச்சு. தன் உயிரைக் கேட்கிறவனிடம் இந்தா என்று ஒரு ஊற்று நீட்டினால், யாரோ அதன் தலையில் கை வைத்திருக்கிறார்கள் என்றுதானே தோன்றும்?

அப்படித் தோன்றுவதற்கென்றே, இந்த உரிமங்களை வழங்கும் ஆணையம் செண்பகவல்லிக்குச் சம்பளம் கொடுத்தது. அவள் ஆய்வாளர். டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடினால்கூட யார் போட்டது, எதற்குப் போட்டது என்று யோசிக்கிறவள். வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை கேட்கப்போகிறார்கள். அதற்குள் வாய் சுத்தம் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது யார் கெடுத்தது என்று காட்ட வேண்டும்.

ஜீப் ஓட்டி வந்தவள் பெயர் எர்கெலேய். ஊற்றின் காவல் அவள் பொறுப்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும், வாயில் எப்போதும் பைன் பிசினை மென்றுகொண்டிருந்தாள். செண்பகம் தன் காதுக்கருவிக்குக் கோவில்பட்டித் தமிழைப் பழக்கி வைத்திருந்தாள். அதனால் அந்த அல்தாய்ப் பொம்பளை பேசுவதெல்லாம் கரிசல் பேச்சாகவே காதில் விழுந்தது. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பழகிவிட்டது.

ஏறுகிற பாதையின் அடிவாரத்தில் எர்கெலேய் வண்டியை நிறுத்தி, முகத்தைப் பார்த்துக் கேட்டாள். “ஒன்னு கேக்கணும் தாயி. ஒங்க வீட்ல இந்த வருசம் யாரும் செத்தாகளா?”

செண்பகத்துக்குச் சுருக்கென்றது. ஆடி மாசம்தான் அப்பா போனார். பெரிய காரியம் முடிந்த மறுவாரமே வேலையில் வந்து விழுந்துவிட்டாள், வீட்டில் இருந்தால் அழுகை நிற்காது என்று. இவளுக்கு எப்படித் தெரியும்? யாராவது சொல்லி அனுப்பினார்களா? துக்கத்தில் இருக்கிறவள் ஆய்வு செய்தது செல்லாது என்று பிற்பாடு மனுப் போடப் போகிறார்களா? இதற்கு முன்னால் அப்படி நடந்ததுண்டு.

“இல்ல. யாரும் சாகல” என்றாள்.

எர்கெலேய் தலையை ஆட்டினாள். பாதை முழுக்க லார்ச் மரங்கள், ஐப்பசிக் குளிரில் ஊசியிலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. கடைசி மரத்தருகில் அவள் நின்றுவிட்டாள். “நீ போயிட்டு வா. நான் இங்கன நிக்கேன்.”

“நீங்க வரலையா? நீங்கதான காவல்?”

“நான் வரக்கூடாது.”

“யார் சொன்னா வரக்கூடாதுன்னு?”

எர்கெலேய் பிசினைத் துப்பிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். காவல்காரிக்கே உள்ளே போக அனுமதியில்லை என்றால் யாருக்குப் பயந்து நிற்கிறாள்? செண்பகம் அதை மனசில் குறித்துக்கொண்டு தனியாக நடந்தாள்.

ஊற்று சின்னதுதான். பாறை இடுக்கிலிருந்து சத்தமில்லாமல் வந்து குட்டையாகத் தேங்கி வழிந்தது. சுற்றியிருந்த கிளைகளில் இரண்டு விரல் அகலத் துணி நாடாக்கள், வெள்ளையும் நீலமும், நூற்றுக்கணக்கில் கட்டியிருந்தன. எல்லாம் வெளுத்து நைந்து கிடந்தன. ஒன்றுகூடப் புதுசில்லை. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள். பல் கூசியது. பிறகு வேலையை ஆரம்பித்தாள்.

உணரிகள் ஒழுங்காக இருந்தன. இணைப்புகள் சுத்தம், முத்திரை உடையவில்லை. யாரும் எதையும் தொடவில்லை. பாறையோடு பாறையாகப் பதித்திருந்த வாயிடமே கேட்டாள்.

“ஏன் சரியென்று சொன்னீர்கள்?”

“என்னைத் தேடி யாரும் வருவதில்லை” என்றது வாய். அதற்குக் கணீரென்ற குரல், ஏட்டுத் தமிழ். “முன்பெல்லாம் வருவார்கள். பால் தெளிப்பார்கள், நாடா கட்டுவார்கள், கேட்டுவிட்டுத் தண்ணீர் எடுப்பார்கள். சென்ற குளிர்காலத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. யாருக்கும் வேண்டாத இடம் நான். வேண்டுமென்று ஒருவர் கேட்கும்போது மறுப்பதற்கு என்னிடம் காரணம் இல்லை.”

இயந்திரம்தான், ஆனாலும் பிள்ளைகள் எட்டிப்பார்க்காத வயசாளி பேசுவது போலவே இருந்தது. அப்புறம் செண்பகத்துக்குப் புத்தி விழித்துக்கொண்டது. வாயை யாரும் கெடுக்கவில்லை, சரி. ஜனங்களை வரவிடாமல் தடுத்தால் போதுமே? வாய் தானாகவே கெட்டுப்போகுமே!

உப்புக் கம்பெனியின் ஆள் அன்று மத்தியானமே அவளைத் தேடி வந்துவிட்டான். கிருபாகரன், பொள்ளாச்சிக்காரன். இந்தக் குளிரிலும் ஃபில்டர் காபி, கை முறுக்கு சகிதம் உட்கார்ந்து உபசரித்தான்.

“ஏனுங்க மேடம், இதுல சந்தேகப்பட என்னங்க இருக்குது? ஊர்க்காரங்களுக்கே அது வேண்டாமுங்க. ஒருத்தராச்சும் அந்தப் பக்கம் போறாங்களான்னு பாருங்க. பழசையெல்லாம் விட்டுட்டாங்க.”

“இந்த வருஷம் மனுப் போடலாம்னு யார் முடிவு பண்ணது?”

“மேலிடமுங்க. நமக்கென்னங்க தெரியும்?” என்று சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் அதிக நேரம் முகத்தில் நின்றது.

முறுக்கை அவள் தொடவில்லை. அவனோடு ஊருக்குள் இறங்கும்போது கீழ்ப் பள்ளத்தில் கம்பிவேலி போட்ட தகரக் கொட்டகை ஒன்று தெரிந்தது. வேலியை ஒட்டி ஒரு ஆட்டு மந்தை நகராமல் நின்றுகொண்டிருந்தது.

“அது என்ன சார்?”

“சிமென்ட் கோடவுனுங்க.”

“சிமென்ட்டுக்கு ஆடு எதுக்கு நிக்குது?”

“ஆட்டுக்கு என்னங்க தெரியும், நிழலுக்கு நிக்கும்” என்றான். அன்று வெயிலே இல்லை.

ஊருக்குள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் டீ கொடுத்தார்கள், உப்புப் போட்ட பால் டீ. ஊற்று என்று ஆரம்பித்ததும் கோப்பையைப் பார்த்தார்கள். ஏன் போகவில்லை என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “போகக் கூடாது.” யார் மிரட்டியது என்றால் இன்னொரு கோப்பை டீ ஊற்றினார்கள். வந்த முதல் நாள் எர்கெலேய் கேட்ட அதே கேள்வியை இன்னும் இரண்டு வீட்டில் கேட்டார்கள், ஒங்க வீட்ல யாரும் செத்தாகளா என்று. இல்லை என்றே சொன்னாள். ஊரே சேர்ந்து தன்னைப் பற்றித் துப்புத் துலக்குவதாக அவளுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை காலையில் பொறுக்க முடியாமல் ஜீப்பிலேயே எர்கெலேயிடம் வெடித்துவிட்டாள். “யக்கா, நேராவே கேக்கேன். என்னத்த வாங்கிட்டு வாயை மூடிட்டீக எல்லாரும்?”

எர்கெலேய் வண்டியை ஓரங்கட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. “எறங்கு.”

“என்ன?”

“எறங்குன்னேன். எங்க முன்னோரு, பழைய துருக்கியரு, கல்லுல எழுத்து வெட்டுன காலத்துலயே மண்ணையும் தண்ணியையும் சேத்து எர்-சூன்னு சொல்லிக் கும்பிட்டவுக. ஓடுற தண்ணியில அழுக்குக் கைய முக்க மாட்டோம். ஒரு கொப்ப ஒடிக்கணும்னாலும் மரத்துக்கிட்ட காரணம் சொல்லிட்டுத்தான் ஒடிப்போம். எங்கள பாத்து வித்துட்டியான்னு கேக்க. எறங்கி நடந்து வா.”

ஜீப் போய்விட்டது. நடு ரோட்டில் செண்பகம் நின்றாள். கோபம் வந்தது, வெட்கமும் வந்தது, எது முதலில் என்று சொல்ல முடியாது. பாவனை பண்ணுகிறாளா? இல்லை, கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தாளே. நடந்துகொண்டிருக்கும்போதே அம்மாவின் அழைப்பு வந்தது.

“சாப்பிட்டியாட்டி?”

“ஆச்சும்மா. தீபாவளிக்கு எனக்கு லீவு கிடைக்காது போல.”

“நீ வந்துதான் என்ன செய்ய? நமக்குத்தான் இந்த வருசம் பண்டிகை கிடையாதே. அப்பா தவறுன வருசமுல்ல. பலகாரம் சுடக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது. நேத்துக் காய் வாங்கப் போகயில அம்மன் கோயில் தாண்டித்தான போகணும்? ரோட்டுலயே நின்னு கோபுரத்தப் பாத்துக் கும்பிட்டுட்டு வந்துட்டேன். உள்ள போகாம எனக்கு என்னமோ போல இருக்குட்டி. அவ தப்பா நெனைக்க மாட்டா. அவளுக்குத் தெரியாதா, நான் ஏன் வரலன்னு?”

செண்பகத்தின் கால் அப்படியே நின்றுவிட்டது.

“அம்மா, வையி. பெறகு பேசுதேன்.”

ஓட ஆரம்பித்தாள். ஐயோ, இதைப் போய்! தன் வீட்டிலேயே நடக்கிற விஷயம். இதைக் கண்டுபிடிக்கவா மூன்று நாளாக ஊரைக் குடைந்துகொண்டிருந்தாள்?

எர்கெலேய் தன் வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க அவள் முன்னால் போய் நின்று செண்பகம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “யக்கா, யாரு செத்தா?”

விறகு கீழே விழுந்தது. எர்கெலேய் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

“கல்யாண வண்டி” என்றாள் கடைசியில். “போன குளிருக்கு. பனிச்சரிவு. வீட்டுக்கு ஒருத்தர் போயிட்டாக. எங்க வீட்ல என் தம்பி. துக்கக்காரக ஒரு வருசத்துக்கு ஊத்துப் பக்கம் போகக்கூடாது தாயி. எந்த ஊத்துக்கும் போகக்கூடாது. எங்க பாரம் அதுக்கு ஏறிரும். முன்னெல்லாம் ஏதோ ஒரு வீட்ல சாவு விழும், மத்த வீட்டுக்காரக போவாக. அதுக்கு வித்தியாசமே தெரியாது. இப்ப ஊரே துக்க வீடு.”

“இத ஏன் ஆணையத்துக்கிட்ட சொல்லல?”

“விசாரணைய ஊத்துப் பக்கத்துல வச்சாக. நாங்க எப்படி வர? அதுவும் போக, அது ஊத்தோட வாய்தான? அதுக்குத் தெரியும்னு நெனச்சோம்.”

செண்பகம் திகைத்துப் போனாள். அவளுக்குத் தெரியாதா என்று அம்மாவும்தானே சொன்னாள்! தெரியும் என்று நம்பி எல்லோரும் வெளியே நிற்க, யாருக்கும் வேண்டாம் என்று நினைத்து அது தன்னையே தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

“நாளைக்கு ஒரே ஒரு ஆள் உள்ள வந்தாப் போதும் யக்கா. வேணும்னு ஒரு வார்த்தை. ஊத்து பொழச்சுக்கும்.”

“அதக் காப்பாத்துறதுக்கு அத அழுக்காக்கணுமா?” எர்கெலேய் கேட்ட விதத்தில் பேரமே இல்லை. “போனா போகட்டும். எங்க கையால அசுத்தமாகிப் போக வேண்டாம்.”

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. “யக்கா, நான் பொய் சொன்னேன். எங்கப்பா செத்து மூனு மாசம்தான் ஆகுது. நான் உள்ள போனேன். தண்ணியும் குடிச்சேன்.”

எர்கெலேய் அவளை அடித்துவிடுவாள் போலப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள். “எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? அதுக்கிட்ட சொல்லு. எல்லை மரத்துக்கு இந்தப் பக்கம் நின்னு சொல்லு.”

லார்ச் வேரிலும் உணரி இருக்கிறது, அங்கே பேசினால் வாய்க்குக் கேட்கும். பொழுது சாய்வதற்குள் இருவரும் ஏறினார்கள். கடைசி மரத்துக்கு இப்பால் நின்று செண்பகம் எல்லாவற்றையும் சொன்னாள். தான் ஒளித்ததை முதலில் சொன்னாள். அப்புறம் கல்யாண வண்டியை, வீட்டுக்கு ஒரு சாவை, தெருவில் நின்று கோபுரம் பார்த்த அம்மாவை. “வராததால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. மரியாதை அதிகம் என்பதால்தான் வரவில்லை.”

வாய் ஒவ்வொன்றாகக் கேட்டது. “சாவு என்பது, உடன் இருந்த ஒருவர் இனி ஒருபோதும் வராமல் போவதா?”

“ஆமாம்” என்றாள் எர்கெலேய்.

“உறவு என்றால்?”

“ஒரே வயித்துல பொறந்தவுக. ஒரே எடத்துலேருந்து வந்தவுக.”

“துக்க வீட்டில் என்ன செய்யமாட்டீர்கள்?”

“பண்டிகை கிடையாது. வீட்டுல இருந்து ஒரு பொருளத் தூக்கி வெளிய குடுக்க மாட்டோம். வருசம் திரும்புற வரைக்கும் யாரும் வந்து எதையும் கேக்கவும் கூடாது.”

“நன்றி” என்றது வாய். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கிருபாகரன் கோட்டும் டையுமாக வந்திருந்தான். ஆணையத் தலைவர் திரையில் இருந்தார். ஊர் முழுக்க எல்லை மரத்துக்கு இப்பால் வரிசையாக நின்றது, ஒருவரும் எல்லை தாண்டவில்லை. செண்பகமும் அவர்களோடுதான் நின்றாள். ஆய்வாளர் ஏன் அங்கே நிற்கிறார் என்று தலைவர் கேட்டதற்கு, அப்பா இறந்ததைச் சொல்லி, வரக்கூடாது ஐயா என்றாள்.

தலைவர் மூன்றாம் தடவையாகக் கேட்டார். “கோக்சாய் ஊற்றே, உன் அடியில் இருக்கும் உப்பை எடுக்கச் சம்மதமா?”

“இந்த வருஷம் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது” என்றது வாய். “என் வீட்டில் சாவு நடந்திருக்கிறது.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கிருபாகரன் சிரித்தான். “ஏனுங்க, யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க பாருங்க. ஊத்துக்கு ஏதுங்க சாவு?”

“கீழ்ப் பள்ளத்தில் இருந்தவள் என் தங்கை” என்றது வாய். “ஒரே பாறைக்குள்ளிருந்து நாங்கள் இருவரும் வந்தோம். வசந்த காலத்தில் அவள் மேல் கொட்டகை வந்தது. அதற்கடியில் துளையிடும் அதிர்வு பாறை வழியாக எனக்கு வந்தது. அதன்பின் அவள் வரவில்லை. நீர்வரத்து இல்லை என்று மட்டும் குறித்து வைத்திருந்தேன். அதற்குச் சாவு என்று பெயர் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.”

கிருபாகரனின் சிரிப்பு இந்தத் தடவை சீக்கிரமே போய்விட்டது. “எனக்குத் தெரியாதுங்க மேடம், சத்தியமாத் தெரியாதுங்க. கோடவுனுன்னுதான் எங்கிட்டயும் சொன்னாங்க” என்று செண்பகத்தைப் பார்த்துக் கத்தினான். அவள் நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் முழுசாக முடியவில்லை.

தலைவரின் உத்தரவில் அப்போதே கொட்டகையைத் திறந்தார்கள். தரையில் புதுச் சிமென்ட் மூடி, அதன் நடுவே துளைக் குழாய். ஓரத்தில் பெயர்த்துப் போட்ட கற்களில் பாசி காய்ந்து பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே தண்ணீர் இருந்ததை ஆடுகள் மட்டும் மறக்கவில்லை. துக்கக்காரர்கள் எந்த ஊற்றுப் பக்கமும் போகமாட்டார்கள் என்று தெரிந்த எவனோதான் இந்த வருஷத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறான். சட்டப்படி ஊற்று ஒரு ஆள். அப்படியானால் இது திருட்டுத் துளை மட்டுமில்லை, கொலை.

திரும்பி ஏறும்போது செண்பகத்துக்கு வழக்கமான நோய் தலைகாட்டியது. வாய்க்கு நிஜமாகவே துக்கமா? இல்லை, நேற்றுக் கேட்டதை வைத்து, சட்டத்தில் மறுபேச்சே இல்லாத ஒரு பதிலைப் பார்த்துப் பிடித்ததா? துக்கத்தைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தது தான்தானா? எர்கெலேயிடம் கேட்டேவிட்டாள்.

“நீ ஒங்கப்பனுக்கு அழுதப்போ நெசமாத்தான் அழுதியான்னு எவளும் ஒன்னையக் கேட்டாளா?” என்றாள் எர்கெலேய்.

எல்லை மரத்தடியில் ஊர் இன்னும் கலையாமல் நின்றது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எர்கெலேய் மரத்தில் கை வைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டாள். “ஆத்தா, நாங்க துக்க வீட்டுக்காரக. எங்க பாரம் ஒனக்கு ஏறிரும்னுதான் இத்தன நாளா வராம இருந்தோம்.”

“தெரியும்” என்றது வாய். “இப்போது நானும் துக்க வீடுதான். துக்க வீட்டுக்குத் துக்க வீட்டார் வரக் கூடாதா?”

அந்தக் கேள்வியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது எர்கெலேய் முகத்தில் தெரிந்தது. பிறகு, “வரலாம்” என்றாள். “வந்துதான் ஆகணும். வராம இருந்தாத்தான் தப்பு.”

அவள் தலைத்துணியை அவிழ்த்து, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். எல்லை மரத்தைத் தாண்டி முதல் அடி வைத்தாள். செண்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஊர் மொத்தமும் வந்தது, வேண்டுதலுக்கு வருகிற ஜனமாக இல்லை, சாவு விசாரிக்க வருகிற ஜனமாக, தலை குனிந்து, சத்தமில்லாமல்.

பாறைக்கு முன்னால் போய் உட்கார்ந்ததும் எர்கெலேய்க்கு அழுகை வெடித்தது. தம்பி செத்ததிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

“ஒன் தங்கச்சி எப்படி இருப்பா?” என்று கேட்டாள்.

“சிறியவள்” என்றது வாய். “என்னைவிடச் சத்தம் போடுவாள்.”